மைலோ ஆண் என்றுதான் சொன்னார்கள்

கடையில் ஒரு ஹாம்ஸ்டர், அதாவது எலி போன்ற அந்தச் சின்ன வளர்ப்புப் பிராணி, வாங்கினால், அடுத்த 16 நாள் தாண்டும்வரை நீங்கள் வாங்கியது ஒன்றா பத்தா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சிரியன் ஹாம்ஸ்டரின் கர்ப்பகாலம் அவ்வளவுதான். கங்காரு வகையறாவை விட்டுவிட்டுப் பார்த்தால், பாலூட்டிகளில் இத்தனை அவசரமாகப் பிள்ளை பெறும் இனம் வேறு இல்லை என்றே சொல்லலாம். வயிறு பெரிதாகிறதே என்று நாம் சந்தேகப்படத் தொடங்கும்போது அநேகமாக ஒரு நாளோ இரண்டு நாளோதான் மிச்சம் இருக்கும்.

எங்கள் மைலோவை ஆண் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து அடுக்குமாடி வீடு, எங்களுடையது. நாய் என்றால் அனுமதிக்கப்பட்ட சின்ன வகைகளில் ஒன்றே ஒன்று. பூனைக்கோ 2024 செப்டம்பர் வரை வீவக வீடுகளில் அனுமதியே கிடையாது. அதனால் சிங்கப்பூரில் பிள்ளைகள் ஏதாவது வளர்க்கலாமா என்று நச்சரித்தால், பெற்றோர் கடைசியில் இறங்கிவந்து நிற்கும் இடம் ஹாம்ஸ்டர்தான். குரைக்காது, கீழே நடக்கக் கூட்டிப் போக வேண்டாம், இரண்டு இரண்டரை வருடப் பொறுப்பு. தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள் வருடக்கணக்கில் கேட்டு வாங்கினாள். பழுப்பும் வெள்ளையுமாக இருந்ததால் மைலோ என்ற சாக்லேட் பானத்தின் பெயர்.

கடையில் நான் பார்த்ததை இப்போது நினைத்தால் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரே கண்ணாடித் தொட்டியில் ஒரு டஜனுக்கு மேல் குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கிக்கொண்டிருந்தன. ஆண், பெண் என்று தனித்தனித் தொட்டி எதுவும் இல்லை. கடைக்காரர் ஒன்றைப் பிடித்து மல்லாத்தி, அரை நொடி பார்த்துவிட்டு "பாய்" என்றார். அவ்வளவுதான் பரிசோதனை. சிரியன் பெண் ஹாம்ஸ்டர் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். அதன்பிறகு நாலு நாளைக்கு ஒருமுறை சினைப்பிடிக்கத் தயார். விற்பனைக்கு வரும் வயதும் கிட்டத்தட்ட அதேதான். இப்படிக் கலந்து போட்ட தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் பெண் ஹாம்ஸ்டர் தனியாக வராது என்றே வைத்துக்கொள்வது நல்லது.

அதை முதலில் கண்டுபிடித்தது நானும் இல்லை, கூகுளும் இல்லை. என் அம்மா. மன்னார்குடியிலிருந்து வந்து அப்போது எங்களோடு தங்கியிருந்தார். வந்த அன்றே மைலோவைப் பார்த்துவிட்டு, "எலிய காசு குடுத்தா வாங்குனீங்க?" என்று கேட்டவர். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் நெல் வயலில் எலி பிடிக்க மூங்கிலை வளைத்துக் கட்டிக் கிட்டி வைப்பார்கள். அதற்கென்றே ஆட்கள் உண்டு, பிடித்த எலிக்குக் கணக்குப் பார்த்துக் கூலி உண்டு. எலியைப் பிடிக்கக் காசு கொடுத்த குடும்பத்தில் எலியை வளர்க்கக் காசு கொடுக்கும் ஒருத்தி பிறந்துவிட்டாள் என்பதுதான் அவர் வருத்தம். ஆனாலும் பகலில் வீட்டில் இருப்பவர் அவர் மட்டும்தான் என்பதால், வெள்ளரித் துண்டு போடுவதும் தண்ணீர் பார்ப்பதும் அவர் வேலையாகிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் சொன்னார். "இது பிள்ளத்தாச்சிடி. வயித்தப் பாரு."

"அது ஆண் அம்மாச்சி, கடைக்கார அங்கிள் பார்த்துத்தான் சொன்னாங்க" என்றாள் மகள்.

"கடைக்காரனா பெக்கப் போறான்?"

பார்த்தால், விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கித்தான் இருந்தது. அதுவரை கையில் ஏறி விளையாடிக்கொண்டிருந்த பிராணி, கையை நீட்டினால் பல்லைக் காட்டியது. போட்ட டிஷ்யூத் தாளையெல்லாம் கன்னத்துப் பைகளில் அடைத்துக்கொண்டு போய் மூலையில் குவித்தது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அப்புறம் சந்தேகப்பட எதுவும் இல்லை. ஸ்கேன் எடுக்கலாமா, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றெல்லாம் யோசிக்கிற நேரம் இது இல்லை. அந்தக் கட்டத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் போவதுதான் தாய்க்குப் பெரிய தொல்லை. கூண்டை ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு, நிறைய தாளையும் உணவையும் போட்டுவிட்டு விலகிவிட வேண்டியதுதான்.

தாள் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கடைகளில் 'படுக்கை' என்று பஞ்சு விற்பார்கள், வண்ண வண்ணமாக, பார்க்க மெத்தென்று இருக்கும். அதை வாங்கிப் போடாதீர்கள். பஞ்சு இழை பிறந்த குட்டியின் காலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று கால் போய்விடும். விழுங்கினால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். வாசனை போடாத, சாதாரண வெள்ளை டாய்லெட் தாளைப் பட்டையாகக் கிழித்துப் போட்டாலே போதும். மைலோ அதைக் கடித்து நார் நாராக்கி, ஒரு கிண்ணம் அளவுக்குக் கூடு கட்டி, மேலே மூடியும் போட்டுக்கொண்டது.

மறுநாள் விடியற்காலை அந்தத் தாள் குவியலுக்குள்ளிருந்து கீச் கீச் என்று சத்தம். காதைப் பெட்டிக்கு அருகே வைத்தால்தான் கேட்கும். மகளுக்குப் பள்ளிக்கூடம் போகவே மனசில்லை.

இனி இரண்டு வாரம் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், ஒன்றும் செய்யாமல் இருப்பது. கேட்க எளிதாகத் தெரியும். பத்து வயதுப் பெண்ணும், பேரப்பிள்ளை பார்த்துப் பழகிய பாட்டியும், படம் எடுத்துப் போட்டே தீர வேண்டும் என்று அலையும் அப்பாவும் இருக்கிற வீட்டில் அதைவிடக் கடினமான வேலை கிடையாது. கூட்டைத் திறந்து பார்க்கக் கூடாது. குட்டியைத் தொடவே கூடாது. கூண்டைச் சுத்தம் செய்யக் கூடாது, நாறினாலும் சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் ஸ்பூனால் எடுத்துப் போட்டுவிட்டு விட வேண்டும். தாய் ஹாம்ஸ்டருக்கு உலகம் மூக்கில்தான் இருக்கிறது. தன் வாசனை இருந்த இடத்தில் சோப்பு வாசனையோ கை வாசனையோ வந்துவிட்டால், இந்த இடம் பிள்ளை வளர்க்கப் பாதுகாப்பில்லை என்று முடிவுகட்டிவிடும். முடிவுகட்டினால் என்ன செய்யும் என்பதைத்தான் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்.

தின்றுவிடும். ஆமாம். சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. குழந்தையிடமும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பிறகு தானாகத் தெரிந்து அழுவதைவிட அது மேல்.

ஆனால் இதில் பாதிதான் பயம் அல்லது தொந்தரவு சம்பந்தப்பட்டது. 1977-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். பிறந்த அன்றே சில குட்டிகளை எடுத்துவிட்டால் தாய் தின்பது குறைந்தது. வேறு குட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தால் தின்பது கூடியது. தன்னால் எத்தனையை வளர்க்க முடியும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அதற்குமேல் உள்ளதைத் தாய் குறைத்துக்கொள்கிறது, இது தாய்மைக்கு எதிரான செயல் இல்லை, அதன் ஒரு பகுதி என்பதுதான் அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. இதைப் படித்தபின் எனக்கு மைலோமீது இருந்த அருவருப்புக் கலந்த பயம் போய்விட்டது.

உணவுக்கும் இதில் பங்கு உண்டு. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் காட்டு ஹாம்ஸ்டர்கள் அழிந்துகொண்டே வந்தன. சுற்றிலும் மக்காச்சோளம் மட்டுமே விளையும் நிலம். 2017-ல் ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்கள் மக்காச்சோளத்தை நம்பி வளர்ந்த தாய்களை ஆராய்ந்தபோது, குட்டிகள் போதுமான எண்ணிக்கையில் பிறந்தன, ஆனால் தாய்கள் அவற்றை உயிரோடு தின்றன. காரணம் வைட்டமின் பி3 பற்றாக்குறை. அந்த வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்ததும் அந்தப் பழக்கம் நின்றது. அது வேறு இனம், ஐரோப்பிய ஹாம்ஸ்டர். ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் மலிவான கலவைத் தீவனப் பொட்டலத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் பாதி மஞ்சளாகத்தான் இருக்கும். பாலூட்டும் தாய்க்கு அது மட்டும் போதாது, புரதம் வேண்டும்.

இங்கேதான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் அசைக்க முடியாத கொள்கை. எனக்கே மன்னார்குடியில் பிள்ளை பெற்றபோது நாற்பது நாளும் பூண்டுக் குழம்புதான். காலையில் நான் கிளம்பும்போது, சுட்ட பூண்டுப் பல் ஒன்றை நசுக்கி விரலில் வைத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் நின்றிருந்தார். "இத்தன குட்டிக்கிப் பால் வேணாமா?"

பூண்டும் வெங்காயமும் ஹாம்ஸ்டருக்கு ஆகாது, ரத்தத்தைப் பாதிக்கும் என்று விளக்கினால், "அப்ப வேற என்னதான் குடுக்கறது" என்றார். அந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் இருந்தன. உப்புப் போடாமல் அவித்த முட்டை, பட்டாணி அளவு. வெந்த கோழித் துணுக்கு, உப்பும் மசாலாவும் இல்லாமல். ஈரச்சந்தையில் கிடைக்கும் சாதா தௌஹு (சோயாக் கட்டி), ஓட்ஸ், முளைகட்டிய பச்சைப்பயறு. பயறைப் பார்த்ததும் அம்மா சமாதானமாகிவிட்டார். அவருக்குத் தெரிந்த சாப்பாடு ஒன்று பட்டியலில் இருந்துவிட்டதே. தினமும் ராத்திரி துணியில் பயறு கட்டிவைப்பது அவருடைய பொறுப்பு. நீண்டு சுருண்ட வாலோடு இருக்கும் முளையை மைலோ முன்னங்கால் இரண்டாலும் பிடித்து, வாலை முதலில் கடித்து, பிறகு பயற்றைத் தோல் நீக்கித் தின்னும். தோல் மட்டும் குவிந்து கிடக்கும்.

வெக்கைதான் அடுத்த சிக்கல். ஹாம்ஸ்டருக்குச் சுகமான வெப்பம் 20 டிகிரியை ஒட்டியது. ஈசூனில் பகலில் 32. பிறந்த குட்டிகளுக்கோ உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. குளிர்நாட்டில் இருப்பவர்கள் குட்டிகள் விறைத்துப் போகுமோ என்று தவிப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, குட்டிகளுக்கு இந்த ஊர் வெக்கை வரம். தாய்க்குத்தான் சாபம். உரோமத்தையும் வைத்துக்கொண்டு, அத்தனை வாய்க்கும் பால் கொடுத்துக்கொண்டு, தாள் குவியலுக்குள் கிடக்க வேண்டும். ஏர்கான் போட்டால் ஒரு தரப்பு, போடாவிட்டால் இன்னொரு தரப்பு. நாங்கள் செய்தது: கூட்டுக்கு எதிர் மூலையில் தரைக்குப் போடும் ஓடு ஒன்று வைத்தோம், பெட்டிக்கு வெளியே அந்த மூலையை ஒட்டித் துணி சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்று. தேர்வை மைலோவிடமே விட்டுவிட்டோம். மத்தியானங்களில் கூட்டைத் தாளால் மூடிவிட்டு வெளியே வந்து, அந்த ஓட்டின்மேல் நாலு காலையும் பரப்பி வயிறு படப் படுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் எழுந்து உள்ளே போய்விடும்.

காத்திருந்த அந்த நாட்களில்தான் இந்தப் பிராணியின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை அம்மாவிடம் சொன்னேன், ஏனென்றால் அது அவருக்குப் பிடிக்கும் கதை.

1930 ஏப்ரலில் சிரியாவின் அலெப்போ பக்கத்தில், ஒரு விவசாயியின் கோதுமை வயலைத் தோண்டினார்கள். தேடி வந்தவர் எரூசலேமைச் சேர்ந்த விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி. வளையை ஆள் உயரத்துக்கும் மேல் தோண்டியபின், அடியில் ஒரு தாயும் 11 குட்டிகளும் கிடைத்தன. பெட்டியில் வைத்ததும் தாய், கிட்ட வந்த முதல் குட்டியின் தலையைக் கடித்துவிட்டது. பயந்துபோய் தாயை எடுத்துக் கொன்றுவிட்டார்கள். கண் திறக்காத குட்டிகளை அஹரோனியும் அவர் மனைவியும் கையால் ஊட்டி வளர்த்தார்கள். சில தப்பி ஓடின, எரூசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகு மரக்கூண்டைக் கடித்து இன்னும் சில ஓடின. கடைசியில் நாலே நாலு மிஞ்சின. அந்த உடன்பிறப்புகளுக்குள் பிறந்தவைதான் பெருகின. 1931-ல் சால் ஆட்லர் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர் சிலவற்றைக் கோட்டுப் பையில் வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இந்தியாவில் கலா அசார் என்று அறியப்பட்ட காய்ச்சலை ஆராய அவருக்கு ஹாம்ஸ்டர் தேவைப்பட்டது. ஆய்வகத்திலிருந்து வீடுகளுக்கு வந்தது பிற்பாடு. இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வளையின் வாரிசுகள். காட்டிலோ அது அருகி வருகிறது, அங்கே விவசாயிகளுக்கு அது பயிரைத் தின்னும் எலிதான்.

"நான் அப்பவே சொல்லல, வயக்காட்டு எலின்னு?" என்றார் அம்மா. வெற்றி அவருக்குத்தான்.

அதே கதையில் எனக்குக் கிடைத்தது வேறு. கலைத்த வளையில் தாய் என்ன செய்யும் என்பது ஆரம்பத்திலிருந்தே தெரிந்த விஷயம். எத்தனை பேர் கேட்டுக்கொண்டாலும் கூட்டைத் திறந்து காட்டுவதில்லை என்ற தீர்மானத்தில் நான் நின்றதற்கு அதுவும் காரணம்.

முதலில் எங்கள் கண்ணில் பட்டவை எட்டு. மைலோ கூட்டை இடம் மாற்றியபோது தற்செயலாகப் பார்த்தோம். தோல் உரித்த வேர்க்கடலை அளவு, இளஞ்சிவப்பு, கண்ணும் காதும் மூடிக்கிடக்க, வயிற்றுத் தோலுக்குள் குடித்த பால் வெள்ளையாகத் தெரிந்தது. பிறக்கும்போதே முன்பல் இருக்கும் இவற்றுக்கு. ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்துப் பைக்குள் மைலோ திணித்துக்கொண்டதைப் பார்த்து மகள் கத்தியேவிட்டாள். தின்னவில்லை. ஆபத்து என்று தோன்றினால் அது குட்டிகளைத் தூக்கிப் போகும் வழி அதுதான். எதிர் மூலையில் போய் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கியது. பிறகு பார்த்தபோது ஏழுதான் இருந்தன. எட்டாவதைப் பற்றி நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும், "ஏழு வளத்தாலே பெரிய காரியம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

முதல் வாரம் முடிவதற்குள் தோலில் நிறம் ஏறி, மெல்லிய உரோமம் வரும். இரண்டாவது வாரத்தில் கண் திறக்காமலே குட்டிகள் கூட்டைவிட்டு ஊர்ந்து கிளம்பிவிடும். இதுதான் பார்க்கப் பார்க்க அலுக்காத கட்டம். ஒன்று எட்டிப்போகும், தாய் கழுத்தைக் கவ்வி இழுத்து வந்து போடும், அதற்குள் இன்னொன்று மறுபக்கம் போயிருக்கும். ஒரு குட்டி தன்னைவிடப் பெரிய ஓட்ஸ் பொரியைக் கவ்விக்கொண்டு, கண் தெரியாமல் தண்ணீர் பாட்டிலில் போய் முட்டி நின்றது. முட்டியபடியே தின்று முடித்தது. தண்ணீர் பாட்டிலின் மூக்கை இப்போது தாழ்த்திவைக்க வேண்டும், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்துவிடும். கம்பிக் கூண்டு இருந்தால் குட்டிகள் இடுக்கு வழியாக வெளியே வந்துவிடும். நல்லவேளை, நாங்கள் ஆரம்பத்திலேயே ஐகியாவின் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் காற்றுத் துளை போட்டுத்தான் வைத்திருந்தோம். சிங்கப்பூரில் ஹாம்ஸ்டர் வைத்திருக்கும் வீடுகளில் பாதி அந்தப் பெட்டியில்தான் ஓடுகிறது என்பது என் அனுமானம்.

இரண்டு வாரத்தில் கண் திறந்தது. அன்றிலிருந்து நிலைமை தலைகீழ். அதுவரை கை வைக்கவே கூடாது, இனி கை வைத்தே ஆக வேண்டும். இப்போது பழக்காவிட்டால் பிறகு கடிக்கும், கடிக்கும் ஹாம்ஸ்டரை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். மைலோவை வேறு பெட்டியில் முளைப்பயறோடு விட்டுவிட்டு, மகள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து ஒவ்வொன்றாக ஏற்றுவாள். மைலோவுக்கும் அந்த ஓய்வு தேவையாகத்தான் இருந்தது. ஏழு குட்டியும் எங்கே நின்றாலும் அடியில் புகுந்து பால் குடிக்க வரும். நாங்கள் பெட்டிக்குள் ஒரு மரப்பெட்டியை உயரமாக வைத்தோம், குட்டிகளால் ஏற முடியாது. மைலோ அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கீழே நடப்பதைக் கண்டுகொள்ளாமல் முகம் கழுவிக்கொண்டிருக்கும். பிள்ளை வளர்த்த எவருக்கும் அந்த உட்காரல் புரியும்.

பிறகுதான் உண்மையான அவசரம். மூன்று வாரத்தில் பால்குடி மறந்துவிடும். நாலு வாரம், அதாவது 28 நாள், அதற்குமேல் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக வைக்க முடியாது. அண்ணன் தங்கை என்றெல்லாம் அதற்குக் கணக்கில்லை. அதுமட்டுமல்ல, வளர்ந்த மகன் தாயோடு இருந்தாலும் அதே கதைதான். ஒரே ஒரு வாரம் தள்ளிப்போட்டால், ஏழில் நாலு பெண் என்று வைத்துக்கொண்டாலும், தாயோடு சேர்த்து ஐந்து கர்ப்பம். தலைக்கு எட்டு என்றால் நாற்பது. இத்தனையும் ஈசூனில் ஒரு நாலறை வீட்டில். பிறந்த குட்டிகளைப் பார்த்துத் தவிப்பவர்கள் எல்லாம் உண்மையில் இந்தத் தேதியைப் பார்த்துத்தான் தவிக்க வேண்டும். பிரசவத்தைத் தாய் பார்த்துக்கொள்ளும். இதை நாம்தான் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் அரை நொடியில் செய்ததை நாங்கள் நிதானமாகச் செய்தோம். குட்டியை மல்லாத்தினால் துடித்துக்கொண்டு உருளும், ஒன்றும் தெரியாது. அதற்குப் பதிலாக, அடி தெளிவாகத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிக் கீழேயிருந்து பார்க்கலாம், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்க்கலாம். பின்பக்கம் இரண்டு துவாரங்களும் ஒட்டினாற்போல இருந்தால் பெண், நடுவே நல்ல இடைவெளி இருந்தால் ஆண். பெண்ணுக்கு வயிற்றில் இரண்டு வரிசையாகக் காம்புப் புள்ளிகளும் தெரியும். ஒரே ஒரு குட்டியைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். எல்லாவற்றின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சட்டென்று பிரிந்துவிடும். நாலு ஆண், மூன்று பெண். மகள் ஒவ்வொன்றின் நிறத்தையும் குறித்து அட்டை எழுதி ஒட்டினாள்.

ஆண் பெட்டி, பெண் பெட்டி என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. குள்ள வகை ஹாம்ஸ்டர்களில் சில சேர்ந்து இருப்பதுண்டு. சிரியன் முழுத் தனிமைவிரும்பி. ஐந்தாறு வாரத்துக்குமேல் உடன்பிறந்தவையே ஒன்றையொன்று கடித்துக் குதறும், கொல்லவும் செய்யும். கடையில் ஒன்றன்மேல் ஒன்று தூங்கிய குட்டிகளைப் பார்த்து, 'ஐயோ தனியாக இருந்தால் பாவம்' என்று இரண்டாக வாங்குகிறவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தலைக்கு ஒரு பெட்டி, ஒரு சக்கரம், ஒரு பாட்டில். எங்கள் வீட்டு வரவேற்பறை கொஞ்ச நாள் கிட்டங்கியாகத்தான் இருந்தது.

ஆக, ஆள் தேட வேண்டும். "பூங்காவில் விட்டுவிடுங்களேன், புல் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும்" என்றார் அடுத்த புளோக்கில் இருக்கும் ஒருவர். பிழைக்காது. வெக்கை ஒருபக்கம், காக்கை ஒருபக்கம், ராத்திரி தாண்டாது. சட்டமும் சும்மா விடாது. சிங்கப்பூரில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம், முதல்முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று கணவர் கேட்டார். அதே கலப்புத் தொட்டிக்கா என்று கேட்டேன், பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வேறு நாடுகளில் இலவசமாகக் கொடுக்கிறோம் என்று அறிவிக்கவே பயப்படுவார்கள், பாம்புக்கு இரையாக வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அதற்காகவே ஒரு சின்னத் தொகை கேட்பார்கள். இங்கே பாம்பு வளர்க்க அனுமதியே இல்லை என்பதால் அந்த ஒரு கவலை மிச்சம். எங்களுக்கு இருந்தது பிள்ளைகளைப் பற்றிய கவலை. வகுப்புத் தோழிகள் எல்லோரும் கேட்டார்கள். மகள் தாராளமாக எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள், ஏழு குட்டிக்கு ஒரு டஜன் வாக்கு. பிள்ளை கேட்டால் போதாது, அம்மாவோ அப்பாவோ நேரில் வீட்டுக்கு வந்து பெட்டி அளவைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று விதி வைத்தேன். அந்த ஒரு விதியில் முக்கால்வாசிப் பேர் கழன்றுகொண்டார்கள். வந்த ஒரு தாய் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிசா? கடையில இத்துனூண்டு கூண்டுலதானே வெச்சிருந்தாங்க" என்றார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு வீட்டுக்கு ஒவ்வொன்று போனது. கணவரின் அலுவலகத்தில், ஏற்கெனவே வளர்த்து அனுபவமுள்ள ஒரு பிலிப்பினோப் பெண் இரண்டை எடுத்துக்கொண்டார், இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டியின் படத்தை அனுப்பிக் காட்டியபிறகு. ஒன்று மகளுக்கு, அதில் பேச்சுக்கே இடமில்லை. அம்மா ஊருக்குக் கிளம்பும் வாரத்தில், பயறு கட்டுவதற்கு மட்டும் ஒரு மணிநேரம் பாடம் எடுத்தார். "எலிக்குப் போயி" என்று முடித்தார், ஆனால் போனில் அப்பாவிடம் ஏழு குட்டியின் நிறத்தையும் வரிசையாகச் சொன்னதை நான் கேட்டேன்.

மிச்சம் இரண்டு. அதில் ஒன்றுக்குக் காதில் ஒரு கடி வாங்கிய தழும்பு, ஓரம் பிய்ந்திருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத் தாண்டி அடுத்ததையே கேட்டார்கள். கீழே தரைத்தளத்தில் தினமும் செய்தித்தாள் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சீன அங்கிள் ஒருவர், நான் பெட்டி தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குப் போவதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். மேலே வந்து பார்த்தார். மகளிடம் நிறைய கேள்வி கேட்டார், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் பேத்தி முன்பு ஒன்று வளர்த்ததாகவும் பெட்டி இன்னும் அறையில் இருப்பதாகவும் சொன்னார். இரண்டையும் கொடுங்கள், ஒரே பெட்டியில் துணையாக இருக்கும் என்றார். இருக்காது அங்கிள், சண்டை போட்டுச் செத்துவிடும் என்று மகள் தன் அட்டையைக் காட்டி விளக்கினாள். அவர் யோசித்துவிட்டு, அப்படியானால் காது பிய்ந்தது மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டார்.

மற்றது இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, மைலோவின் பெட்டிக்கு மேல்தட்டில். யாராவது நேரில் வந்து பெட்டி அளவைப் பார்த்தால் கொடுப்பதாகத்தான் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நேற்று அந்த அங்கிள் பழைய சக்கரத்தின் படத்தை அனுப்பியிருந்தார், குட்டி ஓடும்போது முதுகு வளைகிறதே, பரவாயில்லையா என்று கேட்டு. பரவாயில்லை இல்லை, எட்டு அங்குலத்துக்குக் குறையாமல் ஒன்று வாங்குங்கள் என்று பதில் போட்டேன். கட்டைவிரல் உயர்த்திய குறி வந்தது.